சாவா மூவா ஆடுகள்

அரசர்க்கு யாண்டு பதினொன்று. மாசி, வளர்பிறை ஐந்தாம் நாள்

என் மகள் கண்டியின் அப்பா பெயரில் இன்று கோயிலில் விளக்கு ஏற்றினார்கள். ஊரே வந்திருந்தது. கொன்றவனும் வந்திருந்தான்.

யாரிடமாவது கத்த வேண்டும் போல் இருக்கிறது. வீட்டில் கத்தினால் நாத்தனார் பூதி என்னைவிட உரக்கக் கத்துவாள். கல்யாணத்துக்கு முன் சமணப் பள்ளியில் கற்ற எழுத்து இன்னும் மறக்கவில்லை. அதனால் ஓலையில் கத்துகிறேன்.

நடந்தது இதுதான். மார்கழியில் ஒரு விடியற்காலை, ஓடைக்கரையில், இடையன் காரி காட்டுப்பன்றி என்று நினைத்து அம்பு விட்டான். அது என் வீட்டுக்காரர் மார்பில் பட்டது. மன்றில் ஊரார் கூடினார்கள். வேண்டும் என்று செய்யவில்லை, ஆகையால் உயிருக்கு உயிர் வேண்டாம், செத்தவனுக்காக விளக்கு வைக்கட்டும் என்று தீர்த்தார்கள். காரியின் மந்தையில் தொண்ணூற்றாறு ஆடு இனிக் கோயிலுடையது. மேய்ப்பது அவன், கறப்பது அவன், நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கொண்டுவந்து அளப்பதும் அவன். அவனுக்குப் பின் அவன் பிள்ளைகள். சூரியனும் சந்திரனும் உள்ளவரை.

சுவர்க் கல்லில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். எல்லோரும் போன பிறகு வாசித்தேன். 'எயினனைச் சார்த்தி வைத்த விளக்கு' என்று இருக்கிறது, அவருக்காக வைத்தது என்று பொருள். என்னைக் கட்டியவர் பெயரை நான் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. இன்று விரலால் தடவிச் சொல்லிப் பார்த்தேன். எழுத்தின் பள்ளத்தில் கல்பொடி இன்னும் இருந்தது. அதற்குக் கீழே 'சாவா மூவாப் பேராடு' என்று ஒரு சொல். சாகாத, கிழடு தட்டாத ஆடுகளாம். ஒன்று செத்தால் வேறொன்றை விட்டு எண்ணிக்கை குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்பதை இப்படி எழுதுவார்களாம். ஆடு சாகக்கூடாது. மனிதன் சாகலாம், அதற்கு விளக்கு இருக்கிறது.

தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு மாசியிலும் ஊரார் மூன்று கேள்வி கேட்பார்கள். ஆடு செத்ததா? ஆடு மூத்ததா? விளக்கு அணைந்ததா? விடை சொல்ல வேண்டியவள் செத்தவனின் மனைவியாகிய நான். நான் 'அணைந்தது' என்று சொல்லிவிட்டால், காரி பெண்டு பிள்ளைகளோடு நாட்டைவிட்டே போக வேண்டும்.

ஒரு பொழுது அணைந்தால் எனக்குப் போதும். பார்த்துக்கொண்டே இருப்பேன்.

மாசி, முழுநிலா

வரகு குத்தினேன். தானியக் குதிருக்குப் பின்னால் எலி புகுந்திருக்கிறது என்று பூதி சொன்னதால் அதை நகர்த்திப் பெருக்கினேன். எலி இல்லை. ஒரு பழந்துணிச் சுருட்டு இருந்தது. உள்ளே ஒரு வெண்கல மணி. அதன் மேல் சின்னதாக ஒரு மீன் கீறியிருக்கிறது. வாயில் தேங்காய் நார் இறுக்கி அடைத்திருக்கிறது, ஆட்டினால் ஓசையே வரவில்லை.

பசுவுக்குக் கட்ட வாங்கி வைத்திருப்பார். ஓசையில் கண்டி விழித்துக்கொள்வாள் என்று நார் அடைத்திருப்பார். அப்படியெல்லாம் யோசிக்கிற மனிதர்தான் அவர். உட்கார்ந்து சிறிது நேரம் அழுதேன். பிறகு கண்டியிடம் கொடுத்தேன். அவளுக்குப் பல் முளைக்கிற ஊறல், மணியை வாயில் வைத்துக் கடிக்கிறாள்.

பங்குனி, தேய்பிறை இரண்டாம் நாள்

எரிகிறது.

பங்குனி, தேய்பிறை ஏழாம் நாள்

எரிகிறது. நெய் நல்ல நெய்யாக வேறு இருக்கிறது. குறை சொல்ல வழியில்லை என்பதே எரிச்சலாக இருக்கிறது.

விளக்கைப் பார்த்துக்கொள்ளும் பிச்சன் என்னைக் கண்டதும் சிரிக்கிறான். "நீ வர்ற நேரத்துக்கு விளக்கே நிமிர்ந்து உட்காந்துக்குது, சேந்தி. நான் தூண்டவே வேண்டாம்" என்றான். ஊரில் எல்லோருக்கும் நான் எதற்கு வருகிறேன் என்று தெரியும்.

சித்திரை, வளர்பிறை மூன்றாம் நாள்

இன்று கோயில் வாசலில் காரியும் நானும் நேருக்கு நேர் வந்துவிட்டோம். அவன் கையில் நெய்க்குடுவை. ஒதுங்கி நின்று தலையைக் குனிந்துகொண்டான். இத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு அப்படி ஒடுங்கி நிற்பதைப் பார்த்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது.

"ஓடைக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"என்ன தாயி?"

"அவரு விழுந்த இடம். போய்ப் பாக்கணும். எந்தப் பக்கம்?"

"மேக்கால... மேக்கால பக்கம் தாயி. நாணலு அடர்ந்து கெடக்குமே, அங்கதான். போகாதீங்க. பாம்பு கெடக்கும்."

சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போய்விட்டான். பொய் சொல்கிறவன் எச்சில் விழுங்குவது எனக்குத் தெரியும். பூதியோடு இத்தனை காலம் ஒரே அடுப்பில் சமைக்கிறேன்.

அவரைக் கொண்டுவந்து கிடத்தியபோது வேட்டியெல்லாம் முள். இலந்தை முள். ஒவ்வொன்றாக நான்தான் பிடுங்கினேன். ஓடைக்கரையில் ஏது இலந்தை? அங்கே நாணல்தான். இலந்தைக் கிளையை வெட்டிப்போட்டு வேலி கட்டுவது ஆட்டுப்பட்டிக்கு. ஆக, அவரைக் கொன்றது காரியின் பட்டியருகே. பன்றியும் இல்லை, ஓடையும் இல்லை. மன்றில் நின்று ஊரார் முன்னால் பொய் சொல்லியிருக்கிறான்.

வேண்டும் என்றே கொன்றிருக்கிறான். அதை நான் கண்டுபிடிப்பேன். அதற்குப் பிறகு விளக்கும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

வைகாசி, அமாவாசை

கண்டிக்குக் காய்ச்சல். விளக்குப் பார்க்கப் போகவில்லை. பூதி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். எரிகிறதாம்.

ஆனி, வளர்பிறை எட்டாம் நாள்

ஆடி விதைப்புக்கு முன் நிலத்தில் ஆட்டுக்கிடை போட வேண்டும். எரு இல்லாமல் போன ஆண்டே தினை தலை தூக்கவில்லை. மழையும் பொய்த்தது. காரியின் மந்தையைத்தான் கூப்பிடப்போகிறேன் என்றதும் பூதி குதித்தாள்.

"மதினி, உனக்குக் கிறுக்கா? அண்ணனைக் கொன்னவன் ஆடு நம்ம நெலத்துலயா?"

"ஆட்டுப் புழுக்கை யாரையும் கொல்லல, பூதி."

அவன் என் நிலத்தில் தங்கினால் பக்கத்திலிருந்து பேச்சுக் கொடுக்கலாம். நாள் முழுக்க ஒருவன் பொய்யைக் கட்டிக் காக்க முடியாது. இதைப் பூதியிடம் சொல்லவில்லை.

ஆனி, தேய்பிறை நான்காம் நாள்

மந்தை வந்தது. காரியும் அவன் பெண்டாட்டி நீலியும் வரப்பில் குடிசை போட்டிருக்கிறார்கள். நீலி என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சமும் குற்ற உணர்வு இல்லை. கடன் கொடுத்தவள் பார்ப்பது போல் பார்க்கிறாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

சாயங்காலம் கண்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். மந்தைக்கு முன்னால் ஒரு பெரிய கடா. கழுத்தில் மணி. இனிமையான ஓசை. கண்டி கையை நீட்டிச் சிரித்தாள். மணியைப் பிடித்துப் பார்த்தேன்.

"நல்ல மணி" என்றேன்.

"எங்க அப்பன் வார்த்து வாங்குனது தாயி. இதுக்கு இணை ஒண்ணு உண்டு. ரெண்டும் சேந்து அடிச்சா மலைக்கு அந்தப் பக்கம் கேக்கும்." ஆடுகளைப் பற்றி என்றதும் அவன் முகம் தெளிந்துவிட்டது.

"இணை எங்க?"

முகம் மறுபடி மூடிக்கொண்டது. "தொலைஞ்சு போச்சு. ஆட்டோட."

"எப்ப?"

"போன கார்த்திகையில."

பால் பீய்ச்சிக்கொண்டிருந்த நீலி தலையை நிமிர்த்தினாள். "தொலைஞ்சுதாம்! நல்லாத் தொலைஞ்சுது!" என்றாள். "நீலி, வேலையைப் பாரு" என்று காரி அதட்டினான். அவ்வளவு உரக்க அவன் பேசி நான் கேட்டதில்லை.

கடாவின் மணியில் ஒரு மீன் கீறியிருந்தது.

ஆனி, தேய்பிறை ஐந்தாம் நாள்

இன்று எழுத ஒன்றுமில்லை. கண்டியிடமிருந்து மணியை வாங்கி உறியில் வைத்தேன். அவள் நெடுநேரம் அழுதாள்.

ஆனி, தேய்பிறை ஒன்பதாம் நாள்

கீரை கடைந்தேன். பூதி இரண்டு கவளம் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினாள். "நாக்கு செத்துப்போச்சு. போன கார்த்திகையில அண்ணன் கொண்டாந்த கறி மாதிரி ஒரு நாளாவது கெடைக்குமா?" என்றாள்.

"வாயை மூடிட்டுத் தின்னு" என்றேன்.

"என்ன சொல்லிட்டேன் இப்ப? வடக்கூர்ப் பூசையில குடுத்தாங்கன்னு அண்ணன்தானே சொல்லுச்சு?"

எனக்கு அந்தக் கறி நினைவிருக்கிறது. மழை இல்லை, விதைத் தினையைக்கூடத் தின்று தீர்த்திருந்தோம். கண்டி அழக்கூடத் தெம்பில்லாமல் மடியில் துவண்டு கிடந்தாள். மிளகு தட்டிப்போட்டுக் கறியை வேகவைத்து அந்தச் சாற்றை ஊற்றினேன். மறுநாள் எழுந்து உட்கார்ந்தாள். வடக்கூரிலும் அந்த ஆண்டு மழை இல்லை. பஞ்சத்தில் எவன் பூசை போட்டு அடுத்த ஊரானுக்குக் கறி கொடுப்பான் என்று நான் அப்போது கேட்கவில்லை.

இப்போதும் கேட்கவில்லை.

ஆடி, வளர்பிறை ஆறாம் நாள்

தினை விதைத்தோம். கிடை போட்ட மண் கறுப்பாக இருக்கிறது. விளக்கு எரிகிறது.

புரட்டாசி, முழுநிலா

கதிர் வந்துவிட்டது. கிளி விரட்டப் பூதி பரணில் நின்று போடுகிற கூச்சலில் கிளி பயப்படுகிறதோ இல்லையோ, நான் பயந்துவிட்டேன். பல நாளுக்குப் பிறகு இன்று சிரித்தேன். சிரித்ததும் அவர் நினைவு வந்தது. ஏன் ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் போகவிட்டிருப்பேனா? கண்டி கிடந்த கிடப்பில், போய் வாருங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். அதுதான் பயமாக இருக்கிறது.

ஐப்பசி, வளர்பிறை பத்தாம் நாள்

மழை. போன ஆண்டு வராததையும் சேர்த்துக்கொண்டு கொட்டுகிறது. விறகு நனைந்துவிட்டது.

ஐப்பசி, தேய்பிறை ஆறாம் நாள்

ஆடுகளுக்கு நோய். நாக்கு வீங்கி நீலமாகத் தொங்குகிறது, நுரை தள்ளுகிறது, இரண்டு நாளில் விழுந்துவிடுகிறது. மலையடிவாரத்தில் குழி வெட்டிப் புதைக்கிறார்கள். காற்று இந்தப் பக்கம் அடித்தால் ஊர் முழுக்க நாற்றம். தெருவில் எல்லோரும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கிறோம்.

"சாவா மூவாப் பேராடாம்!" என்று பூதி சிரித்தாள். "மதினி, உனக்கு நல்ல காலம். மாசியில வாயைத் திறந்தா போதும்."

"அவரு நேத்தும் நெய் கொண்டாந்து அளந்திருக்காரு" என்றேன்.

"அவரா? எப்பலேருந்து அவரு?"

நான் அடுப்பை ஊதினேன்.

கார்த்திகை, வளர்பிறை நான்காம் நாள்

பாதி மந்தை போய்விட்டதாம். இருக்கிற ஆட்டிலும் பால் இல்லை. காரியார் தம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வைத்திருந்த எருமை நெய்யைக் கொண்டுவந்து அளக்கிறார் என்று பிச்சன் சொன்னான். முழு உழக்கு இல்லை என்றும் சொன்னான். அதை என்னிடம் ஏன் சொல்கிறான் என்று கேட்டேன். "வேற யாருகிட்டச் சொல்ல?" என்றான்.

கார்த்திகை, வளர்பிறை ஒன்பதாம் நாள்

அணைந்துவிட்டது.

நடுப்பகல். வானம் இருட்டிக்கொண்டு, காற்று கூரையைப் பிய்க்கிற மாதிரி. மடைப்பள்ளியில் நெருப்பு வாங்கிக்கொண்டு போகலாம் என்று சட்டியோடு போனேன். வாங்கிக்கொண்டு, அப்படியே விளக்கையும் எட்டிப் பார்த்தேன். பிச்சன் மழைக்கு எங்கோ ஒதுங்கியிருந்தான். திரி கருகி ஒரு புகை மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தது. கிண்ணத்தில் நெய் இல்லை.

ஒன்பது மாதமாக எதற்குக் காத்திருந்தேனோ அது என் கண் முன்னால் இருக்கிறது. வேறு ஒரு ஆளும் இல்லை. மகிழ்ச்சி வரும் என்று நின்று பார்த்தேன். வரவில்லை. அந்தப் புகையைப் பார்க்கையில் அவரைக் கொண்டுவந்து கிடத்திய நாள்தான் நினைவுக்கு வந்தது. சுவரில் அவர் பெயர் இருட்டில் தெரியவில்லை.

நெருப்புச் சட்டியை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். நம் பசுவின் நெய்யைச் சட்டியோடு எடுத்துக்கொண்டு நனைந்தபடி திரும்பினேன். ஊற்றி, திரியை நிமிர்த்தி, நெருப்புச் சட்டியிலிருந்து கனல் எடுத்து ஊதி ஏற்றினேன். கை தானாகச் செய்தது என்று எழுதினால் பொய். நினைத்துத்தான் செய்தேன்.

திரும்பினால் பிச்சன் தூணருகே நிற்கிறான். "காத்து பலமா இருக்கு இல்ல?" என்றான். "ஆமா. ஆனாலும் எரியுது பாரு" என்றேன். அவனும் பார்த்துவிட்டு, "ஆமா, எரியுது" என்றான்.

கார்த்திகை, தேய்பிறை முழுவதும்

தினமும் பால் கடைகிறேன். கண்டிக்கு மோர் மட்டும். நெய்யைப் பிச்சனிடம் கொடுக்கிறேன். பூதிக்குத் தெரியும். திட்டவில்லை. இன்று அவளே கடைந்து வைத்திருந்தாள்.

மார்கழி, தேய்பிறை எட்டாம் நாள்

அவர் போய் ஓராண்டு. சோறு படைத்தோம்.

மதியம் நீலி வந்தாள். வாசலிலேயே நின்று கத்தினாள். "தாயி, மாசி வரைக்கும் எதுக்கு இழுக்கணும்? இப்பவே போய்ச் சொல்லிடு, அணைஞ்சுதுன்னு. நாங்க போயிடறோம். எம்புள்ளைங்க நெய் தொட்டு ஒரு மாசத்துக்கு மேலாச்சு."

"உள்ள வா நீலி."

"வரமாட்டேன்! எங்க ஆட்டைத் திருடவந்து..." என்று தொடங்கியவள் கண்டியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"சொல்லு" என்றேன். "எனக்குத் தெரியும். உன் வாயால ஒரு தடவை கேட்டுக்கறேன்."

அப்புறம் அவள் தாழ்ந்த குரலில்தான் சொன்னாள். பனிமூட்டம். வேலிக்கு மேலே ஒரு ஆடு தன்னால் எழும்பிப் போவது போல் தெரிந்திருக்கிறது. சிறுத்தைதான் இழுக்கிறது என்று காரியார் அம்பு விட்டிருக்கிறார். கிட்டப் போய்ப் பார்த்தால் ஆள். "பட்டியில திருட வந்தவன்னு ஒரு சொல்லு சொல்லியிருந்தா ஊரு ஒரு கேள்வி கேட்டிருக்காது. நான் காலைப் புடிச்சு அழுதேன். கேக்கலியே! அந்தப் புள்ளையைக் கள்ளன் மகள்னு ஊரு கூப்புடும்டின்னாரு. தோள்ல தூக்கிட்டுப் போய் ஓடைக்கரையில வச்சாரு, பன்னின்னு சொன்னாரு."

நீலி அழுதாள். நானும் அழுதேன். பூதி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். வெளியே வந்து, படைத்த சோற்றில் ஒரு தட்டு எடுத்து நீலி கையில் கொடுத்தாள்.

தை, வளர்பிறை பன்னிரண்டாம் நாள்

மலையடிவாரத்துக்குப் போனேன். காரியார் பிழைத்த ஆடுகளுக்குத் தழை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"மாசியில மன்றுல எல்லாத்தையும் சொல்லிடறேன். உங்களுக்கு விளக்கும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றேன்.

அவர் கையிலிருந்த தழையைக் கீழே வைத்தார். "நீலி சொல்லிட்டாளா?" என்றார். பிறகு, "வேண்டாம் தாயி. நான் சொன்னது பொய்யி. வுட்டது என் அம்புதானே? பசிச்சு வந்தவனை ஒரு சத்தம் போட்டிருந்தா ஓடியிருப்பான். ஒரு ஆட்டுக்கு ஒரு ஆளு போயிட்டான். அந்த வெளக்கு நான் வைக்க வேண்டியதுதான்."

"அப்ப மூணு கேள்விக்கும் நான் நல்லபடியா சொல்றேன். நீங்க பேசாம நில்லுங்க."

"ஆடு செத்திருக்கே. மன்றுல நின்னு எப்படித் தாயி பொய் சொல்றது?"

"முன்ன ஒரு தடவை நல்லாத்தானே சொன்னீங்க?"

அவர் தாடி அசைந்தது. சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

அரசர்க்கு யாண்டு பன்னிரண்டு. மாசி, வளர்பிறை ஐந்தாம் நாள்

மன்று கூடியது. மூத்தவரான வேளார் நடுவில் உட்கார்ந்தார். காரியார் ஒரு பக்கம், கண்டியோடு நான் ஒரு பக்கம்.

"ஆடு செத்ததா?" என்று வேளார் கேட்டார்.

அங்கே உட்கார்ந்திருந்த எல்லோரும் ஐப்பசியில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தவர்கள்தாம். வேளாரும்தான்.

"சாகவில்லை" என்றேன்.

"ஆடு மூத்ததா?"

"மூக்கவில்லை."

வேளார் என்னையே பார்த்தார். "விளக்கு அணைந்ததா?"

பிச்சன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். காரியார் வாயைத் திறக்கப்போவது தெரிந்தது. முந்திக்கொண்டேன்.

"அணையவில்லை. அணையவும் அணையாது. இனிப் பாதி நெய் என் வீட்டிலிருந்து வரும். செத்தவர் எனக்கும்தான் உறவு."

வேளார் தொண்டையைக் கனைத்து, "ஊர் கேட்டது" என்று எழுந்துவிட்டார். பூதி என் முதுகில் ஒன்று வைத்தாள். வலித்தது.

மாசி, வளர்பிறை ஆறாம் நாள்

காலையில் உறியிலிருந்து மணியை எடுத்தேன். எழுத்தாணியை விட்டு அந்த நாரைக் குத்திக் குத்தி வெளியே இழுத்தேன். இறுக்கி அடைத்திருந்தார். விரலில் ரத்தம் வந்தது. கடைசி நார் வந்ததும் மணி தானாக ஒரு முறை அடித்தது. கண்டி திரும்பிப் பார்த்தாள்.

அவளை நடத்திக் கூட்டிக்கொண்டே பட்டிக்குப் போனேன். காரியார் இலந்தை வேலியைச் சீர் செய்துகொண்டிருந்தார். மணியைக் கண்டியின் கையில் கொடுத்து அனுப்பினேன். அவள் ஒவ்வொரு அடிக்கும் அது ஒலிக்க, அதைக் கேட்டுத் தானே சிரித்துக்கொண்டு போனாள். அவர் கையிலிருந்த முள் கீழே விழுந்தது.

"தொலைஞ்சு போச்சுன்னு நெனச்சேன்" என்றார்.

"தொலையல. எங்க வீட்டுலதான் இருந்துச்சு. ஆடு இவ வயித்துல இருக்கு. அதுலதான் பொழைச்சா."

அவர் குந்தி உட்கார்ந்து கண்டியின் முகத்தைப் பார்த்தார். அவள் கன்னத்தை, கையை, குண்டுக் காலை. பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணீர் தாடியில் இறங்கியது, துடைக்கவில்லை.

"அப்ப ஆடு சாகலதான்" என்றார்.

மணியை ஓர் இளங்கடாவின் கழுத்தில் கட்டினார். இப்போது நெய் உருக்க அடுப்பில் வைத்திருக்கிறேன். மந்தை மேய்ச்சலிலிருந்து திரும்புகிறது. இரண்டு மணியும் கேட்கிறது.